இயந்திரம் பூட்டப்படும் வரை

அழுத்தியாயிற்று. பச்சை. சொன்னது பச்சை, அழுத்தியது பச்சை, மேசையில் பொத்தானுக்கு மேலே சின்ன விளக்கு பச்சையாய் எரிகிறது. இனி எனக்கு இங்கே வேலையில்லை. தலைவர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் எழும்பிப் போய்க் கீழே ஒரு கோப்பி குடிக்கலாம். காலை ஒன்பது மணியிலிருந்து இந்தக் கதிரையில் இருக்கிறேன், முதுகு விண்விண் என்று வலிக்கிறது, மொழிபெயர்ப்புக் கேட்கிற காதுக்கருவி வலது காதை அரித்து அரித்துச் சிவப்பாக்கிவிட்டது. கதிரைகூட என்னுடையது இல்லை, ஒரு தீவினுடையது. வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினால் விரலே மறைத்துவிடும், அத்தனை சின்னத் தீவு. அதற்கு ஜெனீவாவில் தூதரகம் என்று இருப்பது ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. தூதர் லோசா அம்மையார், அவருக்கு ஒரு செயலாளர், பிறகு நான். என் வேலை கார் ஓட்டுவது, தபால் எடுப்பது, கோப்பு அடுக்குவது. செயலாளர் பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போய்விட்டாள். லோசாவுக்கு இன்று கடவாய்ப் பல் பிடுங்கும் நாள், வேர் வளைந்ததால் அரைநாள் எடுக்குமாம், இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த நேரம், விட்டால் இனி ஐப்பசியில்தான் கிடைக்கும். சிறிய நாடுகளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, கதிரை வெறுமையாய் இருக்கக்கூடாது என்று கையில் அகப்பட்டவரைப் பட்டியலில் ஆலோசகர் என்று எழுதி உட்கார வைத்துவிடுவார்கள். ஆலோசகர் தில்லைநாதன். முப்பத்திமூன்று வருடமாய் அகதிப் பயணப் புத்தகம் வைத்திருக்கிறவன், எல்லா நாட்டுக்கும் செல்லுபடியாகும், பிறந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது. நாடில்லாத நீ எங்கள் நாடாய் இரு தில்லை, ஒரு நாளைக்குத்தானே என்று சிரித்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார் லோசா. வீங்கியிருந்தது, பாவம்.

இது உலகக் கடல்மட்ட அமைப்பு. கடல் எவ்வளவு ஏறியது என்று அளந்து, அளந்ததைப் பற்றி அறிக்கை எழுதி, அறிக்கையைப் பற்றிக் கூட்டம் போடுகிற இடம். ஆனால் இன்று காலையிலிருந்து ஒருவரும் கடலைப் பற்றிப் பேசவில்லை. இதன் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, நாடுகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று. பலஸ்தீனம் உறுப்பினராக விண்ணப்பித்திருக்கிறது. சேர்த்துக்கொண்டால் பலஸ்தீனம் ஒரு நாடு என்று இந்த மண்டபம் ஒப்புக்கொண்டதாகும். அதனால் காலையிலிருந்து சட்டம், மரபு, உரிய நேரம், உரிய வழி. உரிய நேரம் என்ற சொல்லை மட்டும் பதினாலு தரம் கேட்டேன், கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன், பிறகு அலுத்துவிட்டது. பின் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் பார்வையாளர் பலகை. அங்கே நஹ்லா அம்மையார் இருக்கிறார், பலஸ்தீனத்தின் ஆள். அறுபது தாண்டியிருக்கும், முழங்கால் சரியில்லை, படி இறங்கும்போது பக்கவாட்டாய்த்தான் இறங்குவார். நேற்று ஒரு சின்னக் குறிப்புப் புத்தகமும் பென்சிலுமாய்க் கதிரை கதிரையாய் வந்து வாக்குக் கேட்டார். லோசா எழும்பி அவருடைய இரண்டு கையையும் பிடித்தார். எங்கள் பச்சை உங்களுக்கு என்றார். நஹ்லா பென்சிலால் ஒரு சின்னச் சரி போட்டார். இன்று காலை பல் வைத்தியரின் வாசலில் காரால் இறங்கும்போதும் லோசா சொன்னார், பச்சை தில்லை, பச்சை மட்டும், யோசிக்காதே, யோசிப்பது என் வேலை. யோசிக்கவில்லையே. விளக்கு வந்தது, அழுத்தினேன்.

ஆனால் வாக்குப் பலகை ஏன் இப்படி இருக்கிறது. முன்சுவரில் நாடுகளின் பெயரெல்லாம் வரிசையாய், பக்கத்தில் நிறம். அந்தப் பெரிய நாடு பச்சை. அது எப்படிப் பச்சையாகும், காலையில் அதன் பிரதிநிதி கால்மணி நேரம் எதிர்த்துப் பேசினார், அந்தப் பதினாலு உரிய நேரத்தில் நாலு அவருடையது. அதன் சிநேகித நாடுகளும் பச்சை. காலையில் நஹ்லாவுக்காகக் கண் கலங்கப் பேசியவர் சிவப்பு. கண் சரியில்லையோ, கண்ணாடியைத் துடைத்தேன், துடைத்தாலும் அதேதான். பக்கத்துக் கதிரையில் இருக்கிற ஆபிரிக்கப் பெரியவர், போன மாதம் என்னிடம் கார் நிறுத்துமிடம் கேட்டவர், அவரும் சிவப்பு. என்னத்துக்கு வாக்கெடுக்கிறார்கள். தலைவர் சொன்னார்தான், இயந்திரம் திறக்குமுன் ஒரு நிமிடம் ஏதோ சொன்னார், அப்போது நான் லோசாவின் பல்லை நினைத்துக்கொண்டிருந்தேன், விறைப்பூசி போட்டிருப்பார்களா, எழுபத்தோராம் ஆண்டு எனக்குப் பல் பிடுங்கியபோது ஊசி பிடிக்கவில்லை, பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், அந்த ஓசை மண்டைக்குள்ளே கேட்கும், வெளியே கேட்காது. அதை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உயரமான ஒருவர் கை உயர்த்தினார். கண்டேன். ஏதோ ஒழுங்குப் பிரேரணை, கூட்டம் நடத்துகிற முறையைப் பற்றி. கண்டும் கேட்கவில்லை. கேட்காமலே விளக்கு வந்ததும் அழுத்திவிட்டேன், பழகின மாடு போல.

பெரியவரிடம் கேட்கலாம். எப்படிக் கேட்பது, ஆலோசகர் என்று மார்பில் தொங்குகிறது. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கேட்டேன். இங்கே யார் எந்த மொழியில் பேசினாலும் எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாய்த்தான் இறங்கும், பழக்கம். "ஐயா, குறை நினைக்கக்கூடாது, இப்ப பச்சை எண்டால் என்ன?" அவர் காதுக்கருவியைக் கழற்றினார். "பச்சை எண்டால் அந்த உயரமான ஆள் கேட்டபடி விண்ணப்பத்தை இந்த வருசம் எடுக்காமல் தள்ளிப்போடுறது. சிவப்பு எண்டால் இப்பவே எடுக்கிறது. தள்ளிப்போடுறது தோத்தால்தான் அடுத்த வாக்கு, சேர்க்கிறதோ இல்லையோ எண்டு." சொல்லும்போது அவருடைய கண் என் விளக்கில் ஒரு கணம் நின்றது. உடனே எடுத்துக்கொண்டார். மற்ற நாட்டின் விளக்கைப் பார்த்து ஒன்றும் சொல்லக்கூடாது, அது இங்கே மரியாதை. எங்கள் ஊரில் என்றால் பக்கத்திலிருப்பவன் கையையே பிடித்து மாற்றியிருப்பான்.

சரி, மாற்றலாம். இயந்திரம் பூட்டப்படும் வரை மாற்றலாம் என்பது எனக்கும் தெரியும், லோசா இரண்டு தரம் மாற்றியதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். இன்னும் பூட்டவில்லை. ஏதோ ஒரு நாட்டின் பொத்தான் வேலை செய்யவில்லை, தொழில்நுட்பக்காரர் ஒருவர் மேசைக்கடியில் படுத்திருக்கிறார், சப்பாத்து மட்டும் தெரிகிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒரு மணிக்கு மொழிபெயர்ப்பாளர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். சிவப்பை அழுத்து தில்லை. ஒரு விரல் வேலை. ஆனால் லோசா சொன்னது பச்சை. பச்சை மட்டும் என்றார், மட்டும் என்று ஏன் சொன்னார். இந்தத் தள்ளிப்போடுதல் வரும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும், இருபது வருடமாய் இதே தொழில். ஒருவேளை தெரிந்துதான் சொன்னாரோ. போன புதன்கிழமை இரண்டு பேர் மேலே எங்கள் அறைக்கு வந்தார்கள், நல்ல உடுப்பு, அந்தப் பெரிய நாட்டுக்காரர். லோசா கதவைச் சாத்தினார், அவர் கதவு சாத்துகிற ஆள் இல்லை. தேத்தண்ணி கொண்டுபோனபோது கடலணை என்ற ஒரு சொல் காதில் விழுந்தது. தீவுக்குக் கடலணை வேண்டும், அது உண்மை, லோசாவின் தாயைப் புதைத்த இடத்தில் இப்போது கடல் பெருக்கு நேரம் மீன் ஓடுகிறது, கைத்தொலைபேசியில் படம் காட்டினார். தாயின் குழிக்குமேல் தண்ணீர் நிற்கிறவர் ஒரு கடலணைக்காகக் கதவைச் சாத்தினால் நான் யார் கேட்க. நஹ்லாவின் கையைப் பிடித்துச் சொன்னாரே, அது? அப்படிக் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு மாற்றிச் செய்கிறவர்களைத்தானே நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஆனால் லோசா அப்படி இல்லை. அப்படி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும், நான் கார் ஓட்டுகிறவன். காரின் பின்பார்வைக் கண்ணாடியில் தெரிகிற முகம்தான் எனக்குத் தெரியும்.

மேசைக்கடியில் குனிந்து அழைப்பு எடுக்கிறேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கவில்லை. வாயைத் திறந்தபடி மல்லாந்து படுத்திருப்பார். செய்தி போட்டேன், தள்ளிப்போடும் வாக்கு, பச்சையா சிவப்பா, உடனே. ஒற்றைச் சரி மட்டும் விழுகிறது. பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். நஹ்லா குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துப் பலகையோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பென்சில் ஒவ்வொரு பெயராய் இறங்குகிறது. எங்கள் எழுத்துக்கு இன்னும் வரவில்லை. வருமுன் மாற்றிவிட வேண்டும், அவர் கண்டுவிட்டால் பிறகு மாற்றினாலும் கண்டது கண்டதுதான். விரலைச் சிவப்புக்கு மேலே கொண்டுபோய்விட்டேன். என் இஷ்டத்துக்கு ஒரு நாட்டின் வாக்கை மாற்றினால் என்ன பெயர் அதற்கு. வேலை போகும். அறுபத்திரண்டு வயதில் யார் வேலை தருவார்கள். வேலை போனால் போகட்டும் என்று சொல்லத் தைரியம் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சொன்னதைச் செய்தால் பிழை என் தலையில் இல்லை. இந்த ஒரு எண்ணம் எவ்வளவு சுகமாய் வந்து உட்காருகிறது. இல்லை, அழுத்து. லோசா சிவப்பைத்தான் சொல்லியிருப்பார், எழும்பி இரண்டு கையையும் பிடித்தாரே, பொய்க்கு எழும்ப மாட்டார், அவருடைய இடுப்புக்கு எழும்புவதே பெரும்பாடு. அழுத்தத்தான் போகிறேன்.

கைத்தொலைபேசி அதிர்ந்தது. லோசா. ஆண்டவனே, தப்பினேன் என்று பெயரைப் பாராமல் காதில் வைத்தேன். "இஞ்சேருங்கோ, கரண்ட்காரன் வந்து நிக்கிறான், மீற்றர்ப் பெட்டித் திறப்பு எங்க?" தவமணி. என் மனைவிக்கு அழைக்க ஒரு நேரம் இருக்கிறது என்றால் அது இதுதான். "சப்பாத்து அலுமாரிக்கு மேல." "நேற்றும் இதைத்தான் சொன்னியள், அங்க இல்லை." "அப்ப என்ர சாம்பல் கோட்டுக்குள்ள பார், நான் பிறகு எடுக்கிறன்." "எந்தச் சாம்பல் கோட்டு, கிழிஞ்சதோ? போனை வையாதேங்கோ, அவன் போயிடுவான், பிறகு இன்னொரு நாள் நான்தான் காத்து நிக்கோணும்." வைக்கத்தான் வேண்டும், வைக்க முடியவில்லை, முப்பத்தைந்து வருடம் அவள் பேசி முடிக்குமுன் வைத்துப் பழக்கமில்லை. கிழிந்ததுதான், உள்பை என்று சொன்னேன். சொல்லும்போது ஒலிபெருக்கியில் தலைவரின் குரல், எல்லாப் பிரதிநிதிகளும் வாக்களித்துவிட்டார்களா, உங்கள் வாக்குப் பலகையில் சரியாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்ளுங்கள் என்றதற்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு இருந்தது. "ஓம், கிடைச்சிட்டுது" என்றாள் தவமணி. நிமிர்ந்து சிவப்பை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். விளக்கு பச்சையாகவே நிற்கிறது. இயந்திரம் பூட்டப்பட்டது என்றார் தலைவர்.

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. தள்ளிப்போடலாம் என்பவர் ஐம்பத்தெட்டு. மிச்சப் பேர் மஞ்சளிலே, ஒரு பக்கமும் சேராமல். ஐம்பத்தெட்டில் ஒன்றை எடுத்து ஐம்பத்தேழில் போட்டுப் பார்க்கிறேன், சின்னப் பிள்ளையின் கணக்கு, ஆனாலும் மனம் ஐந்தாறு தரம் போட்டுப் பார்க்கிறது, ஒவ்வொரு தரமும் அதே விடை. நான்தான். முன்னால் யாரோ கைதட்டினார்கள், அதிகம் இல்லை, பத்துப் பேர். எனக்கு இன்னொரு மண்டபம் ஞாபகம் வருகிறது, வரக்கூடாது என்று வைத்திருந்தது. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி, இதே ஊர். எங்கள் சனத்தைப் பற்றிய தீர்மானம் ஒன்று உள்ளே, நாங்கள் வெளியே கம்பிவேலியோடு. தவமணியின் தம்பி அப்போது வன்னியில், கடைசியாய்ப் பேசியது சித்திரையில். உள்ளே போய்வந்த ஒருவர் சொன்னார், தோற்றுவிட்டோம், வீட்டுக்குப் போங்கோ என்று. எந்தெந்த நாடு எப்படிக் கை உயர்த்தியது என்ற பட்டியலை அச்சடித்து மடித்து வைத்திருந்தேன், மடிப்பு கிழியும் மட்டும். அதில் எங்களுக்கு எதிராய்க் கை உயர்த்திய ஒரு நாட்டு வாழைப்பழம் எங்கள் வீட்டுக்குள் வராது. தவமணி இன்றைக்கும் கடையில் பழத்தில் ஒட்டியிருக்கிற துண்டைப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். அந்தக் கைகளுக்கு நான் முகம் வைத்திருந்தேன், சதை வைத்த முகம், சிரிக்கிற முகம், எல்லாம் தெரிந்து செய்கிற முகம். அதில் ஒரு கையாவது கோட்டுப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாய் இருக்கலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. பல்வலி, பசி, மேலிடத்துச் சொல், முதுகு. அப்படி ஒருவன் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் அவனை நான் மன்னிப்பேனா. மாட்டேன். தம்பியின் படம் இன்னும் மாலை போடாமல் நிற்கிறது, போட்டால் செத்ததாகிவிடும் என்று. மன்னிக்கவே மாட்டேன்.

இப்போது லோசா அழைப்பு எடுக்கிறார். சொல் நாக்கில் நிற்கவில்லை, பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிறார். "தில்லை, சிவப்பு. தள்ளிப்போடுறதுக்குச் சிவப்பு. பிறகுதான் பச்சை." பூட்டிவிட்டார்கள் என்றேன். எத்தனை வித்தியாசம் என்று கேட்டார். சொன்னேன். வைத்தியரின் கருவி எங்கேயோ சுற்றுகிற ஓசை கேட்டது. "நான்தான் சொல்லியிருக்கோணும்" என்றார். "யோசிக்காதே எண்டு நான்தானே சொன்னன்." ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாய் இருந்திருக்கும். முன்மேசைக்குப் போய்த் திருத்தம் எழுதிக் கொடு என்றார். அப்படி ஒரு வழக்கம் உண்டாம். பிழையாய் அழுத்தியவர்கள் போய், நாங்கள் எதிர்த்து வாக்களிக்கவே எண்ணியிருந்தோம் என்று ஒரு துண்டில் எழுதினால் அறிக்கையின் அடிக்குறிப்பில் அதைப் போடுவார்களாம்.

முன்மேசையில் இருந்த பெண் துண்டைத் தந்தாள், பேனையும் தந்தாள். எழுதினேன். எழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. "முடிவு மாறுமோ?" என்று கேட்டேன், மாறாது என்று தெரிந்தே. "எண்ணிக்கை மாறாது, ஐயா. எண்ணம் பதிவாகும்" என்றாள். தினமும் சொல்லிப் பழகிய குரல். முத்திரை குத்தித் தட்டில் போட்டாள். மண்டபம் பாதி காலியாகிவிட்டது. தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பக்க வாசலால் போய்விடலாம், கார் அந்தப் பக்கம்தான் நிற்கிறது, நஹ்லா என்னைப் பார்த்திருக்கமாட்டார், பார்த்திருந்தாலும் தீவின் பெயரைத்தான் பார்த்திருப்பார், என் முகத்தை அல்ல. கால் பக்க வாசலுக்குத்தான் திரும்பியது. எப்படித் தூணடிக்கு வந்தேன் என்று எனக்குச் சரியாய்த் தெரியாது.

அவர் தூணடியில் நின்றார், முழங்காலைத் தளர்த்திக்கொண்டு. "அம்மா, அந்தத் தீவு நான்தான். பச்சை என்ர பிழை. தூதர் சிவப்பைத்தான் நினைச்சவ" என்றேன். அதற்குமேல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது, அறுபத்திரண்டு வயதில் ஒரு பொது இடத்தில். அவர் என் கையை எடுத்துத் தன்னுடைய இரண்டு கைக்கும் நடுவில் வைத்தார். செத்த வீட்டில் நாங்கள்தானே போய் வீட்டுக்காரர் கையைப் பிடிப்போம், இங்கே மாறி நடந்தது. "தள்ளிப்போடுறதில குழம்பிட்டியள், என்ன?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். "அதிலதான் எல்லாரும் குழம்புறது. மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு அமைச்சரே குழம்பினவர், அழுதவர், அவரையும் நான்தான் இருத்தித் தண்ணி குடுத்தனான். சாப்பிட்டியளோ?" இல்லை என்றேன். "போய்ச் சாப்பிடுங்கோ. வாற வருசமும் நீங்களே வாங்கோ, இனி உங்களுக்குப் பிழைக்காது." கோபம் வருமென்று பார்த்தேன், ஒரு துளி வந்தால் போதும் என்று பார்த்தேன். அவர் முகத்தில் அலுப்பு மட்டும் இருந்தது, அந்த அலுப்பிலும் ஒரு மரியாதை. கையை மெதுவாய் ஒரு தரம் தட்டிவிட்டு விட்டார். அவருடைய கண் என் தோளுக்கு மேலால் போயிற்று. திரும்பினேன். எனக்குப் பின்னால், என்னைப் போலவே தலையைக் குனிந்து, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இன்னும் இரண்டு பேர் வரிசையாய் நின்றார்கள்.